இடது பின்சக்கரத்துக் குமிழிகள்

மூன்றாவது முறையும் குமிழி இடது பின்சக்கரத்திலிருந்துதான் வந்தது.

ரோவீனா கொட்டகையின் சிமெண்டுத் தரையில் பழைய யோகா பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிரேக்கின் நிப்பிள், ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு. அதில் மாட்டிய தெளிவான ரப்பர் குழாயின் மறுமுனை, பாதி ஆயில் ஊற்றிய பழைய பீட்ரூட் ஊறுகாய் பாட்டிலுக்குள் முங்கிக் கிடந்தது.

"மிதி."

"மிதிச்சாச்சு," என்றான் காலின், ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

அவள் ஸ்பேனரைக் கால் சுற்று திருப்பினாள். குழாயில் ஆயில் ஓடியது. அதோடு கடுகு கடுகாக ஏழெட்டுக் குமிழிகள் வரிசை கட்டி வந்து பாட்டிலுக்குள் ஏறி உடைந்தன. ஸ்பேனரை இறுக்கினாள்.

"விடு."

"விட்டாச்சு. இருக்கா?"

"இருக்கு."

"எங்கிருந்துதான் வருதோ சனியன்," என்றான் அவள் கணவன். இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் அவன் இந்த வேலைக்கு உட்கார்ந்தது நூறு தடவையாவது இருக்கும். பெடலை மிதிப்பான், சொன்னால் விடுவான், நடுநடுவே டீயை உறிஞ்சுவான். காரைப் பற்றி வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது.

எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. பிரேக் பெடலை மிதிக்கும்போது கால் அமுக்குவது ஆயிலைத்தான். ஆயிலை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது. அதனால் காலின் பலம் அப்படியே நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். காற்று அப்படியல்ல, அமுக்கினால் சுருங்கிக் கொடுக்கும். குழாயில் ஒரு தேக்கரண்டிக் காற்று இருந்தால் போதும், கால் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்; பெடல் தலையணை மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. அதனால்தான் ஆயிலை மாற்றும்போதெல்லாம் ஒவ்வொரு சக்கரமாக நிப்பிளைத் திறந்து ஏர் எடுக்கிறார்கள். ரோவீனா எடுத்திருந்தாள். குமிழி இல்லாத ஆயில் வரும்வரை எடுத்து, அதற்கு மேலும் ஒரு பாட்டில் வீணாக்கினாள். கொட்டகையில் பெடல் கல் மாதிரி இருந்தது. வேலைக்குப் போய் வரும் சாலையிலும் கல் மாதிரி இருந்தது. லாரிமர் மலைப் பந்தயத்துக்குக் கொண்டுபோய் ஒரு தடவை மேலே ஏறினால் மட்டும் தலையணை ஆகிவிட்டது. கொட்டகைக்குக் கொண்டுவந்து ஏர் எடுத்தால் குமிழி வந்தது, இடது பின்சக்கரத்தில் மட்டும். ஜூலையில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை.

நேற்று மலையில் நடந்ததுதான் மோசம். டாஸ்மானியாத் தீவின் வடமேற்குக் கரையில் மலையேற்றக் கார்ப் பந்தயம் பார்க்க இருநூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம். நேற்று இருநூறு பேர் வந்திருந்தார்கள். நாலாவது வளைவு மரங்களுக்கு அடியில் இருப்பது. செப்டம்பரில் அது காய்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்த இடது வளைவில் கார் லேசாக வெளியே விலகியது, தானே திரும்பியும் வந்துவிட்டது. அடுத்தது ஐந்தாவது, கொண்டை ஊசி. அவள் பிரேக்கை மிதித்தாள். பெடல் பாதி தூரம் ஒன்றுமில்லாமல் போனது. இரண்டு தடவை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஒரு வழியாக நின்றபோது அவளுடைய சின்னச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு வைக்கோல் கட்டுக்குள் ஒரு முழம் இறங்கியிருந்தது. காருக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் இருநூறு பேரும் "ஓஹோ" என்று ஒரே குரலில் சொன்னது அவள் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்டது.

கீழே மெர்வ் காத்திருந்தார். கிளப்பில் பந்தயக் கார்களைச் சோதித்து ஓடலாம் என்று சீட்டு ஒட்டுகிறவர் அவர்தான். அறுபத்தெட்டு வயது, ஆறடி உயரம், கழுத்தில் எப்போதும் ஒரு டார்ச். காருக்குள் குனிந்து உள்ளங்கையாலேயே பெடலை அமுக்கினார்.

"ஏம்மா ரோவீனா, ஏர் எடுத்தியா, இல்ல பஞ்சு வெச்சு அடைச்சியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மூணு மாசத்துல மூணு தடவ எடுத்திருக்கேன். நேத்துக் காலைல நீங்களே மிதிச்சுப் பாத்துத்தானே பச்சைச் சீட்டு ஒட்டுனீங்க."

"ஒட்டுனேன். கல்லு மாதிரிதான் இருந்துச்சு. பெடலுக்கு ஆயில் குடுக்கற டப்பாவ எப்பவாவது காய விட்டியா?"

"இல்ல."

"அப்ப உனக்குப் பொறுமை பத்தல. இடது பின்சக்கரம்தான் பெடல்ல இருந்து ரொம்ப தூரம். குழாய் நீளம். காத்து மெதுவா வரும். நீ அவசரப்பட்டு மூடிட்டு வந்துடற."

"அவசரமா? ரெண்டு லிட்டர் ஓட விட்டிருக்கேன், மெர்வ்."

"அப்ப காத்து எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்து குதிச்சுதா?"

மெர்வ் பச்சைச் சீட்டைக் கிழித்துவிட்டுச் சிவப்பை ஒட்டினார். ஒட்டிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இனி அவள் காரில் செய்யும் எந்த வேலைக்கும் அவள் கையெழுத்து செல்லக்கூடாது என்று கமிட்டிக்கு எழுதப் போவதாகச் சொன்னார்.

கிளப்பில் ஒரு பழைய விதி உண்டு. காரின் சொந்தக்காரர் தானே வேலை செய்யலாம். என்ன செய்தோம் என்று எழுதித் தானே கையெழுத்துப் போடலாம். அந்தக் கையெழுத்தைப் பிடுங்கிவிட்டால் ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூடப் பட்டறைக்குப் போய் நிற்க வேண்டும். கரையோரத்தில் கிளப் ஒத்துக்கொள்கிற பட்டறை ஒன்றே ஒன்றுதான். அது மெர்வுடையது. ரோவீனா அந்தக் காரை எஞ்சின் இல்லாத கூடாக வாங்கியவள். பதினோரு வருடங்களில் அவள் விரல் படாத ஒரு திருகுகூட அதில் கிடையாது. பந்தயத்தில் ஜெயிப்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை. வழக்கமாக ஏழாவதோ எட்டாவதோ வருவாள். "செய்தவர்" என்று போட்ட கோட்டுக்கு மேல் தன் பெயரை எழுதுவதுதான் அவளுக்குப் பெரிது.

"காத்து எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சொன்னா?" என்று கேட்டாள்.

மெர்வ் திரும்பிப் பார்த்தார். "மூணு வாரத்துல இந்த வருஷத்துக் கடைசிப் பந்தயம். அதுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, சோதனைக்கு வா. சரியாச் சொல்லு, கமிட்டிக்கு நான் எழுதல. சொல்ல முடியலேன்னா காரை என் பட்டறைல விட்டுட்டு வீட்டுக்குப் போய் டீ குடி."

"சொல்றேன்," என்றாள் ரோவீனா. எதைச் சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

குமிழி வந்த இந்தத் திங்கட்கிழமை அவளுக்கு வேலை இல்லை. பகல் முழுவதும் காருக்கு அடியில் கிடந்தாள். பிரேக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி, காலினைப் பத்து நிமிடம் பெடலைப் பலமாக மிதித்துப் பிடிக்கச் சொன்னாள். ஓட்டை இருந்தால் காற்று உள்ளே வருவதற்கு முன்னால் ஆயில் வெளியே வந்திருக்க வேண்டும். காகிதங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். எல்லாம் காய்ந்திருந்தன.

"வெளிய இருந்து வரல," என்றாள்.

"அப்ப உள்ளயே இருக்கு," என்றான் காலின், தொடையைத் தேய்த்தபடி.

"உள்ள எங்க? இந்த முனைல ஊத்துனா அந்த முனைல வருது. ரெண்டு லிட்டர் போயிருக்கு. நடுவுல ஒளிஞ்சுக்க எடமே இல்ல."

"மெர்வ்கிட்டயே விட்டுடேன், ரோவி. என்ன கொறஞ்சு போயிடப் போற?"

அவள் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "உன் தோட்டத்துக் கத்தரிக்காய்ச் செடிக்கெல்லாம் நாளையிலருந்து மெர்வ் வந்து தண்ணி ஊத்தட்டும். சரியா?"

காலின் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

புதன்கிழமை அவள் டயாலிசிஸ் பிரிவில் இருந்தாள். பதினேழு வருடங்களாக அங்கே நர்ஸ். முதல் நாற்காலி யூனிஸுடையது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். ஆறு வருடமாக யூனிஸ் அதே நாற்காலியில் அதே ஊதாக் கம்பளியோடு உட்கார்ந்து, தனக்காக நடக்கும் ஒவ்வொரு வேலையையும் நடுவர் மாதிரி கண்காணித்துக்கொண்டிருக்கிறாள்.

நோயாளியின் ரத்தம் ஓட வேண்டிய குழாய்களில் முதலில் உப்பு நீரை ஓட்டிக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அங்கும் இதே வேலைதான். ரோவீனாவுக்கு அது கைப்பழக்கம். மருந்து சேர்ப்பதற்காகப் பெரிய குழாயிலிருந்து வைக்கோல் தடிமனில் ஒரு கிளை பிரிந்து போகும். அதன் கிளிப்பைத் திறந்து அதையும் நிரப்பி, பிறகு மூட வேண்டும். அன்று அவள் மனம் இடது பின்சக்கரத்தில் இருந்தது. பெரிய குழாயில் நீர் ஓடி முடிந்தது. விரலால் சுண்டிப் பார்த்தாள். குமிழி இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் யூனிஸ்.

"என்ன?"

"அந்தப் பொடிக் குழாய யாரு தொறப்பா? என் மாமியாரா?"

ரோவீனா குனிந்து பார்த்தாள். கிளையின் கிளிப் மூடியே இருந்தது. அதற்குள் இரண்டு அங்குல நீளத்துக்குக் காற்று, பெரிய குழாயில் அத்தனை நீர் ஓடியும் அசையாமல் நின்றிருந்தது. அப்படியே ஆரம்பித்திருந்தால், மருந்துக்காகக் கிளிப்பைத் திறக்கும் நிமிடத்தில் அந்தக் காற்று பெரிய குழாய்க்குள் இறங்கியிருக்கும்; இயந்திரம் அலறி நின்றிருக்கும்.

"மன்னிச்சுக்க, யூனிஸ்."

"நான் இன்னும் சாகலையே, எதுக்கு மன்னிப்பு? தொற."

ரோவீனா திறக்கவில்லை. கிளிப்பை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தபடி அப்படியே நின்றாள். நேர்வழியில் எவ்வளவு ஊற்றினாலும், மூடிய கிளைக்குள் இருக்கும் காற்று நகராது. யாராவது திறக்கும்வரை அது காத்திருக்கும்.

"ஏய், என்ன ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கற."

"யூனிஸ், என் காருக்குள்ள இந்த மாதிரி ஒரு கிளிப் இருக்கு."

"அந்தச் செவப்புச் செருப்புக்குள்ளயா? நல்லதாப் போச்சு. முதல்ல என் கிளிப்பத் தொற, அப்பறம் அதத் தொறப்ப."

மதிய இடைவேளையில் சாண்ட்விச்சைப் பிரிக்காமலேயே அவள் கைப்பேசியில் காரின் பழுது பார்க்கும் புத்தகத்தைத் திறந்து படத்தைத் தேடினாள். எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ரொட்டி அளவில், அலுமினியக் கட்டி ஒன்று இருக்கிறது. பெடலிலிருந்து வரும் ஆயில் அதற்குள் நுழைந்துதான் நான்கு சக்கரங்களுக்கும் பிரிகிறது. நேர்வழியின் கதவுகள் எப்போதும் திறந்திருக்கும். அதனால் ஏர் எடுக்கும்போது அப்படி ஒரு கட்டி இருப்பதே தெரியாது. ஆனால் கட்டிக்குள் கிளை வழிகளும் உண்டு. அவற்றின் கதவுகள் எப்போதும் மூடியிருக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டாலோ கார் சறுக்கினாலோ மட்டும் கம்ப்யூட்டர் அந்தக் கதவுகளைத் திறந்து, உள்ளே ஒரு சின்னப் பம்பை ஓட்டி, ஓட்டுகிறவர் மிதிக்காமலேயே ஒரே ஒரு சக்கரத்துக்குப் பிரேக் போடும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று சொல்வது இதைத்தான். இடது வளைவில் கார் வெளியே விலகினால் அது உள்பக்கத்துப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். அந்தப் பக்கம் இழுபட்டுக் காரின் மூக்கு உள்ளே திரும்பும்.

இடது வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் என்றால் இடது பின்சக்கரம். நாலாவது வளைவு இடது வளைவு.

அவள் சாண்ட்விச்சை எடுத்து ஒரே கடியில் பாதியைத் தின்றாள். நேற்று வரை அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்ன எல்லாம் ஒவ்வொன்றாக அவள் பக்கம் வந்து நின்றன. கொட்டகையில் பெடல் கல் மாதிரி இருந்தது, கதவு மூடியிருந்ததால். மலையில் தலையணை ஆனது, ஈரத்தில் கதவு திறந்ததால். ஒவ்வொரு தடவையும் ஒரு கணம்தான் திறந்தது; கொஞ்சம் காற்றுதான் வெளியே வந்தது. அவள் அந்தக் கொஞ்சத்தை எடுத்தாள். மிச்சம் உள்ளேயே இருந்தது.

ஒன்றுதான் இடித்தது. முதன்முதலில் அந்தக் காற்று உள்ளே போனது எப்படி? காலினைக் கூப்பிட்டாள்.

"ஆயில் டப்பா எப்பவாவது காஞ்சுதா, காலின்? யோசிச்சுச் சொல்லு."

"ஜூன் மாசம் குழாயெல்லாம் மாத்துனியே, அன்னிக்கு. ஆஸ்பத்திரில இருந்து உனக்கு போன் வந்துச்சு. நீ பேசிக்கிட்டே வெளிய போயிட்ட. நான் மிதிச்சுக்கிட்டே இருந்தேன்."

"நிப்பிள் தொறந்திருக்கும்போதா?"

"நீ நிறுத்தச் சொல்லலையே."

அவளுக்கு ஞாபகம் வந்தது. திரும்பி வந்து பார்த்தபோது டப்பாவில் ஆயில் இல்லை. திட்டிக்கொண்டே நிரப்பி, நான்கு சக்கரங்களிலும் மறுபடி ஏர் எடுத்து, பெடல் கல்லானதும் மறந்தே போனாள். ஆனால் அதற்குள் காற்று கட்டி வரை போயிருந்தது. கிளைகளின் வாயில் ஒதுங்கியது அங்கேயே தங்கிவிட்டது. மெர்வ் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அவள் யோசிக்கக்கூட இல்லாமல் "இல்ல" என்றிருந்தாள்.

மாலையில் காலின் வேலி ஓரத்தில் நின்று யோசனை சொன்னான். "அந்தக் கன்ட்ரோல ஸ்விட்ச் போட்டு அணைச்சிட்டா? மலைல பாதிப் பேரு அணைச்சுட்டுத்தானே ஓட்டறாங்க. கதவு தொறக்காது, காத்து வெளிய வராது. மெர்வும் வாய மூடிக்குவார்."

"காத்து உள்ளயே இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"காலைல அஞ்சு மணிக்கு உறைபனில நான் வேலைக்குப் போறப்ப அந்தக் கதவு தொறக்கும். எனக்கு அது தேவைப்படற நேரம் பாத்துத் தொறக்கும். ஒளிச்சு வெச்சுட்டு ஜெயிச்ச மாதிரி நிக்கறதுக்கா நான் மூணு மாசம் தரைல படுத்தேன்?"

கார்க் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரை மாட்டி, கார் நின்றபடியே அந்தக் கதவுகளைத் திறந்து மூட முடியும். தீவின் மறுபக்கத்தில் அப்படி ஒரு இடம் இருந்தது. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ரோவீனா போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தன் நாலு ஏக்கர் புல்வெளியைப் பார்த்தாள். அன்று முழுவதும் மழை பெய்திருந்தது. கதவைத் திறக்கக் கம்ப்யூட்டருக்கு ஒரு காரணம்தான் வேண்டும்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை ஆடுகளை வேலிக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு, காரைப் புல்லில் இறக்கினாள். நாற்பது கிலோமீட்டர் வேகம் பிடித்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். காலுக்கு அடியில் பெடல் கடகடவென்று உதைத்தது. பிறகு இடது பக்கம் இறுக்கமாக ஒரு வட்டம். ஈரப் புல்லில் கார் வெளியே வழுக்கியது. சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கியது, கட்டிக்குள் பம்பு கரகரவென்று ஓடியது. வலது பக்கம் ஒரு வட்டம். மறுபடி நேராக ஓங்கி ஒரு மிதி. பெடல் பாதி தூரம் ஒன்றுமில்லாமல் போனது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினாள்.

"போச்சு!" என்று கத்தினாள். "காலின், போச்சு, சுத்தமாப் போச்சு!"

"பிரேக் போனதுக்கு இப்படிச் சந்தோஷப்படற ஆள நான் பாத்ததில்ல," என்றான் அவன். வேலிக்கு அப்பால் பதினாலு ஆடுகளும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

கொட்டகையில் இந்தத் தடவை நான்கு சக்கரங்களிலிருந்தும் குமிழி வந்தது. வலது முன்சக்கரத்தில் பட்டாணி அளவில் ஒன்று வந்தபோது அவள் அதைச் சனியனே என்று திட்டி வழியனுப்பினாள். மறுபடி புல், மறுபடி கொட்டகை. இரண்டாவது சுற்றில் பாதிதான் வந்தது. மூன்றாவதில் இரண்டே குமிழி. நான்காவது தடவை புல்லில் எவ்வளவு சறுக்கினாலும் பெடல் கல்லாகவே நின்றது. புல்வெளி மட்டும் உழுத வயல் மாதிரி ஆகியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, சோதனை நாளன்று, சந்தைத் திடலில் தூறல். ஆண்கள் முட்டை ரொட்டியும் கையுமாகக் கூரைக்கு அடியில் நின்றார்கள். மெர்வ் காருக்குள் குனிந்து உள்ளங்கையால் பெடலை அமுக்கினார்.

"கல்லு மாதிரி இருக்கு. போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு."

"ஆமா. அதனால மிதிச்சுப் பாத்து எதுவும் தெரியாது. ஏறி உக்காருங்க, காட்டறேன்."

"எங்க?"

"பின்னாடி புல்லு இருக்கே, அங்க."

யாரோ சீட்டியடித்தார்கள். மெர்வ் ஆறடியையும் மடித்துப் பக்கத்து இருக்கையில் திணித்துக்கொண்டார். முழங்கால்கள் டாஷ்போர்டைத் தொட்டன. ரோவீனா எஞ்சினைப் போடவில்லை.

"ஒண்ணு சொல்லணும். டப்பா காஞ்சுதான்னு கேட்டீங்க. இல்லன்னேன். ஜூன் மாசம் காஞ்சுது. மறந்துட்டேன். தப்பு என்னோடது."

மெர்வ் மீசையைத் தடவினார். "நான் அப்பவே நெனச்சேன்."

"நீங்க நெனச்சது அது மட்டும்தான். பொறுமை இல்ல, தூரத்துச் சக்கரம்னு சொன்னதெல்லாம் தப்பு. இன்னும் பத்து லிட்டர் ஊத்தியிருந்தாலும் வந்திருக்காது. உங்க பட்டறைல விட்டிருந்தாலும் நீங்களும் இதேதான் செஞ்சிருப்பீங்க, கல்லு மாதிரி இருக்குன்னு கையெழுத்தும் போட்டிருப்பீங்க. நான் மறுபடி வைக்கோல்ல போய் விழுந்திருப்பேன்."

"வாய் ரொம்ப நீளுது."

"பெல்ட்டு போட்டுக்கங்க."

ஈரப் புல்லில் அவள் நாற்பது வேகத்தில் போய் ஓங்கி மிதித்தாள். மெர்வ் கூரையைப் பிடித்துக்கொண்டார். இடது வட்டம். மஞ்சள் விளக்கு.

"கொழந்தைக்கு நடைவண்டி மாதிரி உனக்கு அந்த வெளக்கு எரியுது பாரு," என்றார் பல்லைக் கடித்தபடி. அவர் காலத்துக் கார்களில் அந்த விளக்கு கிடையாது.

"எரியட்டும். அது எரியணும்னுதான் சுத்தறேன். கரகரங்குதே, கேக்குதா? இப்பதான் உள் கதவெல்லாம் தொறக்குது. அன்னிக்கு நாலாவது வளைவுல தொறந்த அதே கதவு."

அவர் தலையைச் சாய்த்து, எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். வலது வட்டத்தின்போதும் அப்படியே கேட்டார். நின்றதும் இறங்கி, காரைச் சுற்றி வந்து, அவளை எழுந்திருக்கச் சொல்லி, தானே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். ஒரு தடவை. பிறகு மெதுவாக, முழுப் பலத்தோடு, நெடுநேரம். பெடல் இருந்த இடத்திலேயே நின்றது.

"இன்னொரு தடவ," என்றார். "நானே ஓட்டறேன்."

அவர் ஓட்டினார். தேவைக்கு மேலேயே ஓட்டினார். கூரைக்கு அடியில் நின்றவர்கள் ரொட்டியை மறந்துவிட்டார்கள். ரோவீனா தூறலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தன் கார் சேற்றை வாரியிறைத்தபடி எட்டுப் போடுவதைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சேறு தெறித்திருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை மறுபடி மிதித்தார். அட்டையில் செருகிய படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்து, "செய்த வேலை" என்ற கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இத என்னன்னு எழுதறது?" என்றார்.

"என் காரு, என் வேலை. இங்க குடுங்க."

மெர்வ் பேனாவை உடனே கொடுக்கவில்லை. ரோவீனா கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில், "கையெழுத்தும் நீயே போடு," என்று பேனாவை அவள் கையில் வைத்தார். அவள் படிவத்தைக் காரின் சூடான மூடி மேல் வைத்து, தூறல் படாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு, அழுத்தமான எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். மெர்வ் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, டார்ச்சை அடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ஆயில் டப்பா காய்ந்ததால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டியின் மூடிய கிளைகளுக்குள் காற்று போய்விட்டது. சாதாரணமாக ஏர் எடுத்தால் இது வராது. முதலில் நான்கு சக்கரங்களிலும் வழக்கம்போல் ஏர் எடுக்க வேண்டும். பிறகு ஆள் இல்லாத ஈரப் புல்லில், நாற்பதுக்கு மேல் போகாமல், கைப்பிரேக்கை நம்பி, நேராக ஓங்கி மிதித்தும், இடமும் வலமும் சறுக்கியும் உள் கதவுகளைத் திறக்க வைக்க வேண்டும். பெடல் இறங்கும், இறங்கினால் நல்லது, காற்று வெளியே வந்துவிட்டது. டப்பாவைக் காய விடாமல் நான்கு சக்கரங்களிலும் மறுபடி ஏர் எடுக்க வேண்டும். சறுக்கிய பிறகும் பெடல் மாறாமல் நிற்கும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். இந்தக் காருக்கு நான்கு சுற்று ஆனது."